கர்த்தர் மாடு

பொன்னுராஜ்மீது ஊரில் ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை. களத்தில் சிந்திக் கிடக்கும் நெல்லைக்கூட எடுத்து மடியில் போட்டுக்கொள்ளாத ஆள். அடுத்தவர் பொருள் என்றால் அவனுக்கு நெருப்பு. ஆகவே மிஸ்ஸியம்மா தன் சினைப்பசுவை ஒப்படைக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கேட்டபோது, ஜெபக்கூடத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் அவன் பக்கமே திரும்பிப் பார்த்தார்கள். வேறு யார் பக்கமாவது திரும்பியிருக்கலாம். ஒரு அரைகுறைக் கள்ளன் கையில் அந்த மாடு போயிருந்தால் நாலு பிள்ளைகளாவது பால் குடித்திருக்கும்.

மார்க்கையன்கோட்டைக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்தில் இருந்தது அந்தக் கீழத்தெரு. மேலத்தெருச் சம்சாரிகளின் வயலில் நட்டும் அறுத்தும் பிழைக்கிற சில குடும்பங்கள். வேதத்தில் சேர்ந்து பத்து வருஷம்கூட ஆகியிருக்காது. தெருக் கோடியில் ஓலை வேய்ந்த ஜெபக்கூடம். உபதேசியார் மலைக்காய்ச்சலில் படுத்து ஊருக்குப் போய்விட்டதால், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துவதும் கதை சொல்வதும் பொன்னுராஜ்தான். மிஸ்ஸியம்மா என்கிற வெள்ளைக்கார அம்மாள் மாதம் ஒருமுறை கூண்டு வண்டியில் மருந்துப் பெட்டியோடு வந்து போவார். வயிறு உப்பி, கை கால் குச்சியாகக் கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் கண்கலங்குவார். அவர் ஒரு வருஷ விடுப்பில் சீமைக்குக் கிளம்பியபோதுதான் பங்களாவில் நின்ற பசுவை இங்கே ஓட்டி வந்தார்.

"இது கர்த்தருடைய பசு, பொன்னுராஜ். நான் வரும்வரை நீதான் உக்கிராணக்காரன், இதற்குப் பொறுப்பாளி. நன்றாகப் பார்த்துக்கொள். நான் திரும்பி வந்து கேட்பேன்" என்றார். கயிற்றை அவன் கையில் கொடுத்தார். வண்டி ஏறிப் போய்விட்டார்.

பாலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பசுவைக் கொடுத்துவிட்டு, கறந்து குடியுங்கள் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா? அவருடைய சீமையில் சொல்லத் தேவையில்லை. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் சொல்லித்தான் ஆகவேண்டும். இங்கே பொங்கலன்று பிறக்கும் கன்றைச் சாமிக்கு விட்டுவிடுவார்கள். சாமிக்கு விட்ட மாட்டை யாரும் ஏரில் பூட்டமாட்டார்கள், கறக்கமாட்டார்கள். அதன் பால் கன்றுக்கு மட்டும். வயலில் இறங்கி மேய்ந்தால்கூடக் கம்பை ஓங்கமாட்டார்கள், கும்பிட்டுவிட்டு ஒதுங்கிப் போவார்கள். பொன்னுராஜின் அப்பன் அப்படிப்பட்ட மாடுகளை மேய்த்துக் கூலி வாங்கியவன். பொன்னுராஜ் பேச்சுப் பழகியதே அந்த மாடுகளோடுதான். பிறகு பேர் மாறியது, கும்பிடுகிற இடம் மாறியது. சாமி மாடு என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் அவனுக்குள் அப்படியே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. மேலத்தெருக்காரர்கள் அந்தப் பசுவை வேதக்கோயில் மாடு என்று மரியாதையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். வரப்பில் எதிரே வந்தால் வழி விட்டார்கள். அறுப்பு முடிந்தபோது சுருளிவேல் நாயக்கர், இதுவரை கீழத்தெருக்காரன் நிழல் பட்டாலே முகம் சுளிக்கிற மனிதர், தானே ஆள் விட்டு ஒரு கட்டு வைக்கோலை அனுப்பினார். 'சாமி மாடு திங்கட்டும்' என்றாராம். பொன்னுராஜுக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நமக்கும் ஒரு சாமி இருக்கிறது, அதற்கும் ஒரு மாடு இருக்கிறது என்று அவன் தலையை ஒரு விரற்கடை உயர்த்தித்தான் நடந்தான். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பங்குனியில் பசு கன்று போட்டது. பொன்னுராஜின் பெண்சாதி சுப்புத்தாய் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு வந்தாள். சீம்பால் காய்ச்சித் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு விள்ளல் கொடுக்கலாம் என்ற எண்ணம்.

"சட்டியத் தூக்கிக்கிட்டு எங்கன வார?" என்றான் பொன்னுராஜ்.

"கறக்கத்தான்."

"இது யாரு மாடு?"

"கர்த்தர் மாடு."

"தெரியுதுல்ல. உள்ள போ."

பங்களாப் பசு, நல்ல மடி. கன்று முட்டி முட்டிக் குடித்தும் மிச்சம் நின்றது. மடி கட்டிக்கொள்ளுமே என்று பொன்னுராஜ் காலையும் மாலையும் உட்கார்ந்து மிச்சப் பாலைப் பீய்ச்சினான். ஏனத்தில் இல்லை, தரையில். முளைக்குச்சி ஓரத்து மண் நனைந்து வெள்ளையாக நுரைத்து, பிறகு உறிஞ்சிக்கொள்ளும். தெருப்பிள்ளைகள் படலுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கும். ஒரு சொட்டும் தன் விரலில் ஒட்டியிருக்கக்கூடாது என்று அவன் கையை மண்ணில் தேய்த்துத் துடைத்துக்கொள்வான்.

"பாதிரி ஐயர் வரும்போது ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றாள் சுப்புத்தாய்.

ஐயர் ஒருமுறை வந்தார். பசுவைப் பார்த்தார். 'கொழுகொழுவென்று இருக்கிறதே, நல்ல கவனிப்பு' என்று சொல்லிவிட்டுப் போனார். பால் பற்றி அவர் கேட்கவில்லை, அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். அவர் பாராட்டியதே உத்தரவு ஆகிவிட்டது பொன்னுராஜுக்கு.

அந்தக் கோடையில் காய்ச்சல் வீடு வீடாகப் புகுந்தது. பக்கத்து வீட்டு ராக்கப்பனின் பெண்சாதி ராஜாத்தி, பிள்ளை பெற்ற உடம்போடு காய்ச்சல் கண்டு, குளிரில் பல் கிட்டிச் செத்துப்போனாள். கண் திறந்து பார்க்கவும் தெம்பில்லாத பெண்குழந்தை ஒன்று மிஞ்சியது. தெருவில் பால் கொடுக்கிற தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்கே போதாமல் தவித்தார்கள். மேலத்தெருவில் மோர் கேட்டால் ஊற்றுவார்கள், பாலை விற்கமாட்டார்கள். அந்த வருஷம் மாடுகளும் வற்றிக் கிடந்தன.

ராக்கப்பன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பொன்னுராஜ் வீட்டுப் படலருகே வந்து நின்றான். கையில் பால் புகட்டுகிற சங்கு இருந்தது.

"அண்ணே, ஒரு சங்கு பால் குடுங்கண்ணே. ஒரு சங்கு போதும்."

பொன்னுராஜ் கண் கலங்கிவிட்டான். "எம்மாடா இருந்தா மாட்டையே அவுத்துக் குடுத்துருவேன் தம்பி. என்னோடது இல்லையே" என்றான்.

அது பொய்யில்லை. அவனுடைய மாடாக இருந்திருந்தால் கன்றோடு கொடுத்திருப்பான். அன்றைக்கே கோம்பைப் பக்கம் நடந்துபோய், கிடை போட்டிருந்த ஆட்டுக்காரனிடம் கெஞ்சி ஆட்டுப்பால் வாங்கி வந்தான். கிடை பெயர்ந்து மலையடிவாரம் போகும் வரைக்கும் தினமும் போனான். பிறகு தன் வீட்டுக் கேழ்வரகை அரைத்துப் பால் எடுத்துக் கொடுக்கச் சொன்னான். குழந்தைக்காக முழங்காலில் நின்று அழுது ஜெபித்தான். எழுந்து வந்து, கட்டியிருந்த மடியை மண்ணில் பீய்ச்சினான். இரண்டையும் ஒரே மனுஷன்தான் செய்தான், ஒரே மனசோடுதான் செய்தான். இதை நினைத்தால் எனக்கு அவன்மேல் வருகிற கோபம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மீதிக் கோபம் அப்படியேதான் இருக்கிறது.

சுப்புத்தாய்க்குக் குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு முனகல். பொன்னுராஜ் களையெடுப்பு மேற்பார்வைக்குப் போன ஒரு மதியம், அவள் தொழுவத்துக்குள் போய்க் கன்றை இழுத்துக் கட்டிவிட்டு ஒரு சங்கு கறந்தாள். வானம் இடிந்து விழவில்லை. பசு திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசைபோட்டது. அதற்குப் பிறகு தினமும் மதியம் ராக்கப்பன் வீட்டுப் பின்வாசல் திறந்திருக்கும். குழந்தையின் கன்னத்தில் சதை வைத்தது. ஒரு நாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

மாட்டுக்காரன் மகனிடம் மடியை மறைக்க முடியுமா? சாயங்காலம் மடியைத் தொட்ட உடனே பொன்னுராஜுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் வயலிலிருந்து பாதியில் திரும்பி வந்தான். தொழுவத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த சுப்புத்தாயின் கையிலிருந்த சங்கைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"ஏத்தா, கர்த்தர் பொருளையா எடுத்த?"

"பிள்ளைக்குத்தான் எடுத்தேன்."

"மேலத்தெருவுல என்ன சொல்லுவாக? வேதக்காரனுக சாமி மாட்டையே கறந்து குடிச்சுட்டானுகன்னு காறித் துப்ப மாட்டாகளா? மிஸ்ஸியம்மா வந்து கேட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

அதோடு விட்டிருக்கலாம். தனக்கொரு நியாயம், ஊருக்கொரு நியாயமா என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று, 'என் வீட்டுலயே களவு நடந்துபோச்சு' என்று சபைக்கு முன்னால் சொன்னான். சுப்புத்தாய் தலைகுனிந்து பாயில் உட்கார்ந்திருந்தாள். தெருவே அவளைப் பார்த்தது. சிலருக்குப் பாவமாக இருந்தது, சிலருக்குப் பயமாக இருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ராக்கப்பன் எழுந்தான். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மதினி களவாங்கலை. நாந்தான் கேட்டேன். எம்பிள்ள இனிமே களவுப் பால் குடிக்க வேணாம்ணே" என்றான். குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் விடிந்தபோது அவன் வீடு பூட்டிக் கிடந்தது. கூடலூர் வழியாக மலையேறி, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிற தன் அக்கா கருத்தம்மாளிடம் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது. சுப்புத்தாய் அதற்குப் பிறகு புருஷனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேச்சு மட்டும் தேவைக்குத்தான். பொன்னுராஜ் அதையும் பொறுத்துக்கொண்டான். உண்மையாக இருக்கிறவனுக்குப் பாடு வரத்தானே செய்யும் என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

ஒரு வருஷத்தில் வருகிறேன் என்ற மிஸ்ஸியம்மா வரவில்லை. சீமையில் சண்டை மூண்டு, கப்பல் போக்குவரத்து தடுமாறி, அவர் வந்து சேர இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்குள் பசு இரண்டாவது கன்றும் போட்டிருந்தது.

அவர் வருகிறார் என்று தெரிந்ததும் பொன்னுராஜ் பசுவை வாய்க்காலில் நிறுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டினான். கொம்புக்கு எண்ணெய் பூசினான். வெளுத்த வேட்டி கட்டி, ஜெபக்கூடத்து முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். மிஸ்ஸியம்மா இளைத்து, முடி நரைத்துப் போயிருந்தார். வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே பசுவிடம் வந்து நெற்றியைத் தடவினார்.

"எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறாய், பொன்னுராஜ்."

இரண்டு வருஷமாக அவன் காத்திருந்த வார்த்தை அது.

"பால் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்தது?" என்று கேட்டார் மிஸ்ஸியம்மா.

"ஒருத்தருக்கும் குடுக்கலைங்கம்மா" என்றான் பொன்னுராஜ், முகமெல்லாம் சிரிப்பாக. "ஒரு சொட்டு ஒருத்தர் வாயில படவிடலை. கன்னு குடிச்சது போக மிச்சத்தை அம்புட்டையும் மண்ணுலதான் பீய்ச்சுனேன். நான் விரல்ல தொட்டு ருசி பாத்ததுகூட இல்லைங்கம்மா."

மிஸ்ஸியம்மா அவனையே பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். படலோரம் நின்ற, வயிறு உப்பிய பிள்ளைகளைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போவதை எல்லோரும் கண்டார்கள். சிரித்துக்கொண்டே நின்ற பொன்னுராஜ்தான் கடைசியாகக் கண்டான்.

"ஒரு பிள்ள குடிச்சுச்சும்மா" என்றாள் சுப்புத்தாய், கூட்டத்திலிருந்து. "கொஞ்ச நாளு. அப்பறம் நிப்பாட்டிட்டாக."

நடந்ததை அவளே சொன்னாள். மிஸ்ஸியம்மா வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். "பிள்ளைகள் குடிக்கத்தானே கொடுத்தேன்" என்றார். பிறகு, "நான் சொல்லவில்லை. நான் சொல்லாமல் போய்விட்டேன்" என்று தன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அழுதார். அவர் திட்டியிருந்தால் பொன்னுராஜ் காலில் விழுந்து தேறியிருப்பான். அவர் அழுததில் அவனுக்கு ஒளிய இடமில்லாமல் போனது.

எஜமான் தூரதேசம் போகும்போது ஒப்படைத்த பணத்தை மண்ணைத் தோண்டிப் புதைத்து வைத்த ஊழியக்காரன் கதையை அவனே எத்தனை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறான். சொல்லும்போதெல்லாம் அந்த ஊழியக்காரனைச் சோம்பேறி என்று ஏசியிருக்கிறான். தான் சோம்பேறி இல்லை, காலையும் மாலையும் உட்கார்ந்து உழைத்துத்தான் மண்ணில் புதைத்தோம் என்று அன்றைக்கு அவனுக்குத் தெரிந்தது. முளைக்குச்சி பக்கம் போகவே அவனுக்குக் கால் வரவில்லை.

விடிந்ததும் மிஸ்ஸியம்மாவிடம் கேட்டுக்கொண்டு பசுவையும் கன்றையும் அவிழ்த்தான். எங்கே என்று அவர் கேட்கவில்லை. தெரு முனையில் சுப்புத்தாய் சோற்று மூட்டையோடு நின்றாள்.

"நானும் வாரேன்" என்றாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவளாக அவனிடம் பேசிய முதல் பேச்சு.

உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மாட்டின் நடைக்கு நடந்தார்கள். கூடலூர் தாண்டி மலைப்பாதை ஏறும்போது குளிர் எடுத்தது. கன்று களைத்தபோது பொன்னுராஜ் அதைத் தோளில் தூக்கிக்கொண்டான். பிள்ளை இப்போது நடக்குமா, பேச்சு வந்திருக்குமா என்று சுப்புத்தாயிடம் கேட்டான். நடக்கும் என்றாள் அவள். முந்தானையைப் பிடித்து இழுக்கிற பிள்ளை, சீக்கிரமே நடந்திருக்கும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் லேசாக இளகியது. ராக்கப்பன் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது, பிள்ளை குடிப்பதை ஒருமுறை கண்ணால் பார்ப்பது, இதுதான் பொன்னுராஜின் கணக்கு.

குமுளிச் சௌக்கையில் திருவிதாங்கூர்க் காவல்காரன் கம்பை நீட்டித் தடுத்தான். "ஆருடெ பசு?"

யார் கேட்டாலும் கர்த்தர் மாடு என்றே சொல்லிப் பழகிய வாய். பொன்னுராஜ் கன்றைத் தோளிலிருந்து இறக்கினான்.

"ஏலத்தோட்டத்துல ஒரு பிள்ள இருக்குதுங்க. அதோட மாடு" என்றான். சுப்புத்தாய் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

தோட்டத்து லயத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். முற்றத்தில் பிள்ளைகள் மண்ணில் புரண்டன. பொன்னுராஜின் கண் ஒவ்வொரு பெண்பிள்ளையின் முகத்திலும் ராஜாத்தியின் சாடையைத் தேடியது. விறகு பிளந்துகொண்டிருந்த ராக்கப்பன் பசுவைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டான். கோடரியைக் கீழே வைத்தான்.

"வாங்க மதினி" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "வாங்கண்ணே" என்றான்.

"தம்பி, மாட்டைக் கொண்டாந்துருக்கேன். பிள்ளைக்கு. பிள்ளைய எங்க?"

ராக்கப்பன் பசுவின் கழுத்தில் கையை வைத்தான். "பிள்ள அந்த மழைக்கே போயிருச்சுண்ணே. இங்கன வந்து மூணாம் மாசம். கஞ்சித்தண்ணி ஒத்துக்கிடலை."

சுப்புத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பொன்னுராஜ் கயிற்றை விடாமல் நின்றான். அடிப்பான் என்று எதிர்பார்த்த ராக்கப்பன் கன்றுக்குட்டிக்குப் புல் எடுத்துப் போட்டான்.

கன்று இருட்டும் முன் முட்டத் தொடங்கியது. மடி கனத்து நின்றது. பொன்னுராஜ் கருத்தம்மாளிடம் ஒரு ஏனம் கேட்டான். வாங்கி முழங்காலில் இடுக்கிக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக அந்தப் பசுவை ஏனத்தில் கறந்தான். பால் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டு லயத்துப் பெண்கள் பிள்ளைகளோடு வந்து சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் கிட்ட வரவில்லை. பாதிப் பேர் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கும் வழக்கம் தெரியும்.

"இது வேதக்கோயில் மாடுதான? சாமி மாட்டுப் பாலைப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டாள் கருத்தம்மாள்.

பொன்னுராஜின் கை நின்றது. "குடுக்கலாம் ஆத்தா" என்றான். "குடிக்கத்தான் குடுத்தாக." பசுவின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினான்.

கருத்தம்மாள் ஏனத்தை வாங்கினாள். லயத்துக்குப் பின்னால் சரிவில் ஒரு சின்ன மண்மேடு இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பி, "ராக்கப்பா, முதப் பால். பிள்ள குழியில கொஞ்சம் ஊத்திட்டு வந்துரட்டா?" என்றாள்.

"வேணாங்க்கா" என்றான் ராக்கப்பன். "மண்ணுல ஊத்துனதெல்லாம் போதும். அந்தா நிக்கிற பிள்ளைகளுக்குக் குடு."

மடியில் இன்னும் பால் இருந்தது. சுப்புத்தாய் எழுந்து வந்து வேறொரு ஏனத்தைப் புருஷன் கையில் கொடுத்தாள். பொன்னுராஜ் மீண்டும் கறக்க உட்கார்ந்தான்.